தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் எப்படித் தோன்றியது? அதில் நம் கட்டுமரத்துக்கு இடம் உண்டா?

கேள்வி: குளச்சல் வெற்றித்தூணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு சந்தேகம். இங்கிலாந்தில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறதாம். அதை யார், எப்போது தொடங்கினார்கள்? கடலோடு இவ்வளவு பழக்கம் உள்ள நமக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? அந்த மாதிரி இடங்களில் நம் கட்டுமரத்துக்கு இடம் உண்டா?

தம்பி, நான் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். ஊர் குளச்சலுக்குப் பக்கம். தேம்ஸ் ஆற்றில் டில்பரி துறைமுகத்தில் கப்பல் நின்றபோதெல்லாம், ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் ரயில் பிடித்து கிரீனிச்சுக்குப் போய்விடுவேன். நீங்கள் கேட்கும் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. முதல் தடவை போனபோது, இது ஏதோ பழைய அரசர் காலத்திலிருந்தே இருக்கும் இடம் என்றுதான் நானும் நினைத்தேன். கட்டடங்கள் பழையவை. அருங்காட்சியகம் திறந்தது 1937-ல். நம் பாட்டாமார் உயிரோடு இருந்த காலம்.

ஆனால் அந்த 1937-க்குப் பின்னால் 140 வருடத்துக் கதை இருக்கிறது. நம் ஊருக்குப் பயன்படும் பகுதி அதுதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிரீனிச்சில் ஆற்றை ஒட்டி ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. மருத்துவமனை என்று பெயரே தவிர, வயதான, கை கால் இழந்த கடற்படை மாலுமிகளுக்கான இல்லம் அது. 1694-ல் அரசு சாசனம் கொடுத்துத் தொடங்கியது. அதன் துணை ஆளுநராக இருந்த வில்லியம் லாக்கர் என்ற கடற்படை அதிகாரிக்கு 1795-ல் ஒரு யோசனை வந்தது: இந்த இல்லத்தின் பெரிய ஓவிய மண்டபத்தில் கடற்போர் ஓவியங்களையும் தளபதிகளின் உருவப்படங்களையும் தொங்கவிட்டால் என்ன? பின்னாளில் கடற்படைத் தளபதியாகிப் புகழ்பெற்ற நெல்சன் இளம் அதிகாரியாக இருந்தபோது இந்த லாக்கரின் கீழ்தான் வேலை பார்த்தார். யோசனை அவர் காலத்தில் நடக்கவில்லை. அவருடைய மகன் எட்வர்ட் ஹாக் லாக்கர் அதே இல்லத்தில் அதிகாரியாக வந்து, 1824-ல் அதை நடத்திக் காட்டினார். அப்பாவின் ஆசையை மகன் முப்பது வருடம் கழித்து முடித்திருக்கிறார். அன்றைய மன்னர் நான்காம் ஜார்ஜ் தன் அரண்மனையிலிருந்த கடல் ஓவியங்களை அனுப்பிவைத்தார். டர்னர் என்ற ஓவியர் வரைந்த டிரஃபால்கர் கடற்போர் ஓவியம் 1829-ல் அங்கே வந்து சேர்ந்தது.

அப்புறம் நெல்சனின் கோட்டு. 1805 அக்டோபர் 21-ம் தேதி டிரஃபால்கர் போரில் குண்டு பட்டுச் சாகும்போது அவர் போட்டிருந்த சட்டைக்கோட்டு அது. 1845-ல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் அதை விலை கொடுத்து வாங்கி இந்த இல்லத்துக்குக் கொடுத்தார். இடது தோள் பக்கத்தில் குண்டு நுழைந்த ஓட்டை இன்றும் தெரிகிறது. சின்ன ஓட்டைதான். அதற்கு முன்னால் நின்றபோது, சமாதிகளுக்கு முன்னால் நிற்கும்போது வருகிற ஒரு அமைதி எனக்கு வந்தது. அவர்கள் நாட்டு வீரர்தான், நமக்கு ஒட்டும் உறவும் இல்லை. ஆனாலும் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, 19-ம் நூற்றாண்டு முழுக்க இப்படியே ஓவியமும் கப்பல் மாதிரிகளும் அங்கங்கே சேர்ந்துகொண்டிருந்தன. வயதான மாலுமிகள் 1869-ல் வெளியேறி, 1873-ல் அந்தக் கட்டடங்கள் கடற்படைக் கல்லூரியாகின. ஆனால் தேசிய அருங்காட்சியகம் என்று ஒன்று இல்லவே இல்லை. உலகக் கடலையெல்லாம் ஆண்ட நாடு அது, தம்பி. அந்த நாட்டிலேயே அரசாங்கம் தானாக முன்வந்து இதைச் செய்யவில்லை. 1910-ல் ஆர்வலர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து கடல்சார் ஆய்வுச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். 1920-களில் நெல்சனின் கப்பலான விக்டரி உளுத்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது, அதைக் காப்பாற்றப் பணம் திரட்டியது அந்தச் சங்கம். அந்த நேரத்தில் பெரிய தொகை கொடுத்தவர் ஜேம்ஸ் கெய்ர்ட் என்ற கிளாஸ்கோ கப்பல் முதலாளி.

இந்த கெய்ர்டின் பெயர்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. ஆர்தர் மெக்ஃபர்சன் என்பவர் வாழ்நாள் முழுக்கக் கப்பல், கடல் சம்பந்தமான அச்சுப்படங்களைச் சேர்த்துவைத்திருந்தார். பதினோராயிரத்துக்கும் மேல். 1920-களின் கடைசியில் அவருக்குப் பணம் தட்டுப்பட்டு, எல்லாம் பிரிந்து வெளிநாடு போய்விடும் நிலை. கெய்ர்ட் 1928-ல் மொத்தத்தையும் தானே வாங்கிவிட்டார். வைக்க இடமில்லை, கட்டடமில்லை, சட்டமில்லை. முதலில் பொருள் கைவிட்டுப் போகக்கூடாது, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் அவர் கணக்கு. வரலாற்றுப் பேராசிரியர் ஜெஃப்ரி காலெண்டர் அவருக்குத் துணையாக இருந்து, எது ஏலத்துக்கு வருகிறது, எதை விடக்கூடாது என்று பார்த்துக்கொண்டார். பணம் இருந்தவரும் விவரம் தெரிந்தவரும் ஒன்று சேர்ந்ததால் நடந்தது இது.

கட்டடம் எப்படி வந்தது தெரியுமா? கிரீனிச்சில் மாலுமிகளின் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் முன்புல்வெளியில் ஒரு முழுக் கப்பலையே பாய்மரத்தோடு கட்டி நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரையே காணாத கப்பல், பையன்கள் ஏறிப் பழகுவதற்காக. அந்தப் பள்ளி 1933-ல் ஹோல்புரூக் என்ற ஊருக்கு மாறிப் போனது. காலியான கட்டடங்களும், நடுவில் இருந்த குவீன்ஸ் ஹவுஸ் என்ற ராணி மாளிகையும் அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தன. அந்த மாளிகை இனிகோ ஜோன்ஸ் 1616-ல் தொடங்கிய கட்டடம். பின்னாளில் வில்லெம் வான் டி வெல்டே என்ற டச்சு ஓவியத் தந்தைக்கும் மகனுக்கும் (இருவருக்கும் ஒரே பெயர்) இரண்டாம் சார்லஸ் மன்னர் அங்கே ஓவியக்கூடம் கொடுத்திருந்தார். டச்சுக்காரர்களோடு போர் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்! கடல் ஓவியம் என்ற கலை இங்கிலாந்தில் வேர் பிடித்த இடம் அது. அவர்கள் வரைந்தவை ஆயிரத்துக்கும் மேல் இன்று அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1934-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கட்டடங்களை மாற்றியமைக்கும் செலவையும் கெய்ர்டே ஏற்றுக்கொண்டார். 1937 ஏப்ரல் 27-ம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். முடிசூட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. லண்டனிலிருந்து ஆற்று வழியாகப் படகில் வந்தார்கள். பின்னாளில் ராணியான எலிசபெத்தும் சிறுமியாக உடன் வந்திருந்தார். காலெண்டர் முதல் இயக்குநர். இரண்டே வருடத்தில் உலகப்போர் வந்து, மூடி, பொருள்களையெல்லாம் வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று.

போருக்குப் பிறகு நடந்த இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, மேட்டின் மேல் இருக்கும் பழைய வானாய்வகம் 1950-களில் அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது. உலகம் முழுவதும் தீர்க்கரேகையை எங்கிருந்து எண்ணுகிறோமோ அந்தப் பூஜ்யக் கோடு அங்கேதான் ஓடுகிறது. 1884-ல் வாஷிங்டன் மாநாட்டில் தீர்மானித்தது. கன்னியாகுமரி அந்தக் கோட்டிலிருந்து கிழக்கே சுமார் 77½ டிகிரி. பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், நம் முனையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கிரீனிச் நேரத்தில் ஓடும் கடிகாரம் காலை 6:50 காட்டும். பழைய மாலுமி இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் தான் நிற்கும் தீர்க்கரேகையைக் கண்டுபிடித்தான். ஆனால் கப்பல் ஆட்டத்திலும் உப்புக் காற்றிலும் நேரம் தவறாத கடிகாரம் வேண்டுமே? அதற்கு 1714-ல் இருபதாயிரம் பவுன் பரிசு அறிவித்தார்கள். தச்சராகத் தொடங்கிக் கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்ட ஜான் ஹாரிசன் அந்தக் கடிகாரத்தைச் செய்தார். அவருடைய கடிகாரங்கள் பிறகு வானாய்வகத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. ரூபர்ட் கூல்ட் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி 1920-லிருந்து வருடக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைக் கழற்றி, துடைத்து, மறுபடி ஓடவைத்தார். முதல் கடிகாரம் இன்றும் ஆடிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் அறையில் வேலை பார்த்த எனக்கு அதைப் பார்க்கும்போது கண் கலங்கியது. எண்ணெயே போடாமல் ஓடும்படி மரத்தாலும் பித்தளையாலும் செய்த இயந்திரம் அது!

இன்னொன்று சோகமானது. இம்ப்ளாக்கபிள் என்ற கப்பல். பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, டிரஃபால்கர் போரில் அவர்கள் பக்கம் நின்று, அடுத்த மாதமே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. 1949-ல் அதைப் பராமரிக்கப் பணமில்லை என்று சொல்லி, இரண்டு நாட்டுக் கொடியையும் ஏற்றி, நடுக்கடலில் மூழ்கடித்தார்கள். அதன் பின்பக்க அலங்காரமும் முகப்புச் சிலையும் மட்டும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்போதைய இயக்குநர் ஃபிராங்க் கார் இனி இப்படி நடக்கவிடக்கூடாது என்று உறுதியாக இருந்தார். கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பலைக் காப்பாற்றுவதில் முன்னால் நின்றார். 1954-ல் அது கிரீனிச் கரைக்கு வந்தது, 1957-ல் மக்களுக்குத் திறந்தார்கள். 2007-ல் தீப்பிடித்தும் விடாமல் சரிசெய்து 2012-ல் மறுபடி திறந்துவிட்டார்கள்.

நமக்கும் ஒரு இம்ப்ளாக்கபிள் உண்டு. 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. பாதுகாப்பில்லை என்று 2012-ல் மூடி, 2014-ல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதைக் காப்பாற்ற நம்மிடம் ஒரு கெய்ர்ட் வரவில்லை. அந்தச் செய்தியை நான் கப்பலில் இருக்கும்போது படித்தேன். அன்று இரவு எஞ்சின் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை.

நமக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்தியாவில் தேசிய அளவில் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. குஜராத்தில் லோத்தல் பக்கத்தில், சிந்துவெளிக் காலத்துச் செங்கல் துறை கண்டெடுக்கப்பட்ட இடத்தருகே, தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் என்ற பெயரில் கட்டுகிறார்கள். ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் அதன் விரிவாக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கடலோர மாநிலங்களுக்குத் தனித்தனி அரங்கு வைப்பதாகத் திட்டம். தமிழ்நாட்டு அரங்கில் சோழர் கடற்படை நிச்சயம் இருக்கும். முட்டத்து வள்ளமும் தூத்தூர் ஆழ்கடல் தூண்டிலும் இருக்குமா என்பது, நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

குளச்சல் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனியை நம் மணலில் தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய் பிறகு அவருக்கே படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையில் 1777-ல் இறந்தார். இந்தக் கதைக்கான காகிதம் எங்கே இருக்கிறது? டச்சுக் கம்பெனியின் ஆவணக் கிடங்கு ஹேக் நகரில். கொச்சி டச்சுக்காரர்களின் பழைய பதிவுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். திருவிதாங்கூர் ஓலைகள் திருவனந்தபுரத்தில். 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மக்களும் மண்ணும் இந்தப் பக்கம் வந்தன, ஓலை அங்கேயே நின்றுவிட்டது. பத்மநாபபுரம் அரண்மனையையே இன்னும் கேரள அரசுதான் பார்த்துக்கொள்கிறது. நம் கரையில் மிச்சமிருப்பது வெற்றித்தூணும், உதயகிரியில் கூரையில்லாத ஆலயத்துக்குள் இருக்கும் டி லனாயின் கல்லறையும், அப்புறம் வாய்வழியாக வரும் கதைகளும். கடற்கரை ஜனங்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்று, தூரத்திலிருந்து பார்க்கத் துப்பாக்கிப் படைபோலக் காட்டினார்கள் என்ற கதையை என் பாட்டாவிடம் கேட்டிருக்கிறேன். எந்த ஆவணத்தை வைத்தும் அதை நிறுவ முடியாது. ஆனால் அந்தக் கதையைச் சொன்ன குரலையாவது யாராவது பதிந்துவைத்திருக்கலாம்.

தோற்றவர்கள் நாடான நெதர்லாந்திலும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாமில். அங்கேயும் 1916-ல் ஒரு சங்கம்தான் முதலில் தொடங்கியது. 1922-ல் ஒரு வீட்டளவு கட்டடத்தில் திறந்து, 1973-ல்தான் 1656-ம் வருடத்துக் கடற்படைக் கிடங்குக்கு மாறினார்கள். பக்கத்தில் டச்சுக் கம்பெனிக் கப்பல் ஒன்றின் முழு அளவு மாதிரி மிதக்கிறது. குளச்சலுக்கு வந்தவர்களின் காலத்துக் கப்பல் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க அங்கேதான் போக வேண்டும்.

கடைசியாகக் கட்டுமரம். கட்டுமரத்துக்கு இடம் உண்டு, சந்தோஷப்படலாம். டேம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் இதைக் கட்டுமரம் என்றே அழைக்கிறார்கள் என்று எழுதியதிலிருந்து, உலக மொழிகளெல்லாம் நம் சொல்லை எடுத்துக்கொண்டன. (இன்று கேட்டமரான் என்று அவர்கள் சொல்லும் இரட்டை உடல் படகுக்கும் நம் மரத்துக்கும் சொல்லைத் தவிர வேறு ஒற்றுமை குறைவு.) திரிகோணமலையில் கப்பல் கட்டும் தலைவராக இருந்த ஜான் எடை (John Edye) என்பவர் நம் கரைகளின் படகுகளை அளந்து, 1834-ல் வரைபடத்தோடு வெளியிட்டார். எட்மண்ட் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போன துறைமுகத்திலெல்லாம் நாட்டுப் படகுகளை அளந்து வரைந்தார். பின்னாளில் பாரிஸ் லூவ்ர் மாளிகையில் இருந்த கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அவரே பொறுப்பாளராகி, அந்த வரைபடங்களிலிருந்து மாதிரிகள் செய்யவைத்தார்.

கிரீனிச்சின் கதையிலும் இந்தத் திருப்பம் உண்டு. 1967-லிருந்து 1983 வரை இயக்குநராக இருந்த பேசில் கிரீன்ஹில் அதற்கு முன் தூதரக அதிகாரியாகக் கிழக்கு பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில், வேலை பார்த்தவர். அங்கே ஆற்றுப் படகுகளைப் பார்த்துப் பார்த்து, சாதாரண மக்கள் கட்டும் படகும் படிக்கவேண்டிய பொருள்தான் என்று உறுதியாக நம்பியவர். அவர் காலத்தில்தான் படகுத் தொல்லியலுக்கு அங்கே தனி ஆய்வுப் பிரிவு வந்தது. அதில் தலைமைத் தொல்லியலாளராக இருந்த ஷான் மெக்ரெய்ல் பின்னாளில் தமிழ்நாட்டுக் கரைக்கே வந்து வத்தை என்ற நாட்டுப் படகையும் கட்டுமரத்தையும் அளந்து பதிந்தார். தளபதிகளின் ஓவியங்களில் தொடங்கிய ஒரு சேகரிப்பு மீனவன் படகுவரை வந்து சேர நூற்றைம்பது வருடம் ஆகியிருக்கிறது. அடிமை வியாபாரத்தைப் பற்றி விரிவான தனி அரங்கு 2007-ல்தான் வந்தது. கப்பலில் ஏற்றப்பட்ட மனிதர்களின் பக்கத்தை அவர்கள் பேச எடுத்துக்கொண்ட காலம் மிக நீளம் என்பது என் கருத்து.

இங்கே ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் பாட்டாவின் கட்டுமரம் எங்கள் வீட்டுப் பின்னால் கிடந்தது. முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளம் கட்ட ஆரம்பித்து, அப்புறம் பைபர் வந்து, மரத்தில் போகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அது விறகாகப் போயிற்று. அதன் நீளத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. பாட்டா கடலில் நின்றபடி, கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லுவார். எந்த முகட்டையும் எந்தக் கோபுரத்தையும் சேர்த்தால் எந்தப் பார் என்று எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகமே நிறைந்திருக்கும். ஜிபிஎஸ் வந்தபிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை. 2004 சுனாமியில் போன வீடுகளோடு எத்தனை பழைய படங்களும் பத்திரங்களும் போயின என்று கீழமணக்குடியிலும் குளச்சலிலும் கேட்டுப் பாருங்கள்.

அதனால் நமக்கு ஏன் இல்லை என்பதற்கு என் பதில் கட்டடத்தைப் பற்றியது இல்லை. கிரீனிச்சுக்குக் கட்டடம் கடைசியில் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமிலும் அப்படித்தான். முதலில் ஒரு மெக்ஃபர்சன் வேண்டும், ஒரு காலெண்டர் வேண்டும்.

நீங்கள் கல்லூரியில் படிக்கிறவர், கையில் போன் இருக்கிறது. சின்னதாக இப்படித் தொடங்கலாம். கடப்புறத்து ஊர்களில் இன்னும் அங்கங்கே பழைய கட்டுமரம் கிடக்கிறது. உடைமைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அளந்துவிடுங்கள்: எத்தனை தடி, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எவ்வளவு சுற்றளவு, என்ன மரம், எங்கிருந்து வாங்கியது, கட்டியவர் யார், கயிறு எந்த வரிசையில் சுற்றியிருக்கிறது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். தேதியும் ஊரும் எழுதுங்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் அந்த ஊரில் என்ன பெயர் என்று பெரியவர்களைச் சொல்லவைத்துப் பதியுங்கள், ஏனென்றால் கொல்லங்கோடு பக்கம் ஒரு சொல்லும் மணக்குடி பக்கம் வேறு சொல்லும் இருக்கும். காற்றுக்கும் நீவாட்டுக்கும் (கடல் நீரோட்டம்) அவர்கள் வைத்திருக்கும் பெயர்களையும் விடாதீர்கள். உதயகிரிக்குப் போனால் கல்லறையில் லத்தீனுக்குக் கூடவே தமிழும் பொறித்திருக்கிறது, அதையும் வெளிச்சம் சாய்வாக விழும் காலை நேரத்தில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

நீளமான தடியைத் தனி ஆளாக அளக்க முடியாது. விடுமுறைக்கு எப்போது வருகிறீர்கள் என்று சொல்லுங்கள் தம்பி, நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன்.